நாலு கோடு விழுந்த வேட்டி

மலைக்கு வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனுஷன், பார்த்தால் ஆபீஸில் இருந்தவர் மாதிரி இருக்கிறது, காலங்கார்த்தாலே கோழிக்கூட்டில் குனிந்து பெருக்கிக்கொண்டு கிடக்கிறாரே, மடத்தில் இதற்கு வேறு ஆள் இல்லையா என்று. கேட்பது என்னைப் பற்றித்தான். நான் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எச்சத்தைக் கூடையில் அள்ளுவேன்.

ஆள் இருந்தாள். அவள் போனதற்குக் காரணம் நான். எங்கள் மடத்துச் சின்னச் சாமியைப் பற்றி ஊரில் எத்தனையோ கதை ஓடுகிறது. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இதில் அசிங்கப்பட்டவன் நான் ஒருவன், நானாக வாயைத் திறந்தால்தான் உண்டு.

என் பெயர் கோமதிநாயகம். தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்தாள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தேன், அதன் பிறகு ஊசிப்பாறை முருகன் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டேன். மடத்தை நடத்துகிறவர் சின்னச் சாமி. என்னைவிட ஒன்பது வயது இளையவர், முன்னால் கொத்தனாராக இருந்தவர். நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். உபதேசம் கேட்கலாம் என்று வந்தவன் நான். வந்த அன்றைக்கே கோழிகளை என் பொறுப்பில் விட்டுவிட்டார்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் பலித்தவர்கள் முருகனுக்குச் சேவலோ கோழியோ உயிரோடு கொண்டுவந்து விடுவார்கள். அதை அறுப்பதில்லை, விற்பதில்லை, ஆயுசு உள்ளவரை மடத்தில் இருக்கும். முட்டை அடிவாரத்துப் பால்வாடிக்குப் போகும். எந்நேரமும் நாற்பது ஐம்பது உருப்படி நிற்கும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி ஓடு போட்ட கூடு, உள்ளே அவை ஏறி அடைவதற்குக் குறுக்கே கம்புகள்.

நாற்பது வீட்டுக் கோழி ஓரிடத்தில் சேர்ந்தால் நாற்பது வீட்டுச் சீக்கும் சேரும். அதனால் பழைய சாமியார் காலத்திலிருந்தே ஒரு சட்டம். புதிதாக வரும் உருப்படி எதுவானாலும் மூன்று வாரம் வேப்பமரத்தடியில் தனிப் பஞ்சாரக் கூடைக்குள் கிடக்க வேண்டும். கலெக்டர் கொண்டுவந்து விட்டாலும் அதுதான். அதன் பிறகே கூடு. கூடவே வரும் கூடை, கம்பு, வைக்கோல் எதுவும் வெயிலில் நன்றாகக் காயாமல் கூட்டுக்குள் போகக்கூடாது. வந்ததை வாங்கி வைப்பது என் வேலை. கூட்டைப் பெருக்கி, தண்ணீர் வைத்து, சாயங்காலம் தலையை எண்ணி அடைப்பது மாடத்தியின் வேலை.

மாடத்தி அடிவாரத்து ஊர்க்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வீட்டிலும் ஐந்து கோழி வளர்த்தாள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவள். என்னைக் கிளார்க்கையா என்று கூப்பிடுவாள். அந்தக் கூப்பிடு எனக்குப் பிடிக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குச் சாமி மடத்தில் இல்லை. திருச்செந்தூருக்கு நடந்து போயிருந்தார், திரும்ப ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். கிருத்திகை அன்று என் சம்பந்தி வந்தார். என் மகளின் மாமனார். ரைஸ்மில் முதலாளி, கார் வந்து நின்றதும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்தால் சேவல் விடுவதாக வேண்டியிருந்தாராம். செங்கருப்பில் ஒரு சேவல், முழங்கால் உயரம். அதோடு ஒரு தேக்குக் கட்டையையும் டிரைவர் இறக்கி வைத்தான். அவர் வீட்டில் அந்தச் சேவல் பிறந்ததிலிருந்து அடைந்த கட்டையாம், அது இல்லாவிட்டால் சேவல் தூங்காதாம்.

முறைப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும்? சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, கட்டையை வெயிலில் காயப் போட்டிருக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே எது நடந்தாலும் அவள் தலையில்தான் விடியும். சம்பந்தி கண் முன்னாலேயே, உங்கள் வீட்டுச் சேவலுக்குச் சீக்கு இருக்கலாம் என்று சொல்லாமல் சொல்வதா? எனக்கு வாய் வரவில்லை. சேவலைக் கையில் வாங்கி நேராகக் கூட்டுக்குள் விட்டேன். தேக்குக் கட்டையை முதல் கம்பாக நானே ஏற்றிக் கட்டினேன். சம்பந்திக்கு முகம் மலர்ந்தது.

மாடத்தி பக்கத்தில்தான் நின்றாள். அவர் கார் ஏறிப் போன பிறகு, இது பஞ்சாரத்துக்குப் போக வேண்டாமா கிளார்க்கையா என்று மெதுவாகக் கேட்டாள். நான் சொன்னேன்: "அவங்க வீட்டுல மாட்டு டாக்டரே மாசம் ஒருதடவை வந்து பார்ப்பாரு. அந்தச் சேவலுக்கு ஒண்ணும் இருக்காது. நீ போய் வேலையைப் பாரு." மாட்டு டாக்டர் விஷயம் என் சொந்தக் கற்பனை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சாமி திரும்பியபோது மூன்று வாரம் தாண்டியிருந்தது. சேவல் கூட்டில் இருந்ததில் கேட்க ஒன்றும் இல்லை. தேக்குக் கட்டையைத் தடவிப் பார்த்தார். வெயிலில் போட்டு எடுத்தீர்களா என்று கேட்டார். ஆச்சு சாமி என்றேன். தலையசைத்தார்.

ஆவணி கடைசியில் ஆரம்பித்தது. முதலில் கோழிகளின் கொண்டை வெளுத்தது. பிறகு முட்டை குறைந்தது, வந்த முட்டையின் ஓட்டிலும் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு. கருப்பி என்று ஒரு கோழி, பதினோரு முட்டை வைத்து அடை காத்துக்கொண்டிருந்தது. அது ஒருநாள் எழுந்து போனதுதான், திரும்பப் போய் உட்காரவே இல்லை. பொழுது சாய்ந்தால் தானாகக் கூட்டுக்குள் ஓடும் உருப்படிகள் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு வேப்பமரத்தில் ஏறின. மரத்தில் அடைந்தவற்றில் இரண்டை மரநாய் கொண்டுபோயிற்று. மாடத்தியின் இரண்டு கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சொறிந்துகொண்டே பெருக்குவாள்.

சாமி கூட்டுக்குள் போய், கம்பு சுவரில் சேரும் இடத்தைச் சுரண்டி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தச் சாம்பல் நகர்ந்தது.

"செள்ளு," என்றார்.

கோழிச் செள்ளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். குண்டூசித் தலையில் பாதிகூட இருக்காது. பட்டினியாக இருந்தால் சாம்பல் நிறம், ரத்தம் குடித்தால் சிவப்பு. பகல் முழுக்க மரவெடிப்பிலும் சுவர்ப் பொந்திலும் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டியதும் வந்து தூங்குகிற கோழியைக் கடிக்கும். வயிறு நிறைந்ததும் மறுபடி வெடிப்புக்குள் போய்விடும்.

"எப்படி வந்திருக்கும் அண்ணாச்சி?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். பதினோரு வருஷமாகிறது, ஒரு எழுத்து மறக்கவில்லை. "கூட்டுக்குள்ள தினம் ரெண்டு நேரம் போய் வர்றது மாடத்தி ஒருத்திதான் சாமி. அவ வீட்டுலயும் கோழி நிக்குது."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் எங்கள் தொழில். முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் எழுதின கை. பொய்யை எழுதினால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம். உண்மையில் வேண்டிய துண்டை மட்டும் எடுத்து எழுதினால், தாசில்தாரே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். எத்தனை கடைநிலை ஊழியர்கள் என்னுடைய அந்த மாதிரி வரிகளால் இடம் மாறிப் போயிருக்கிறார்கள் என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததில்லை.

நான் திரும்பினேன். எனக்குப் பின்னால் மாடத்தி நின்றுகொண்டிருந்தாள், கையில் பெருக்குகிற வாரியலோடு. வாரியலைக் கூட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனால் எனக்கு வேலை நிறைய இருந்தது, அது ஒரு வசதி. கோழிகளைக் காப்பாற்றும் பெரிய பொறுப்பில் இறங்கினேன். வேப்பெண்ணெயும் மஞ்சளும் கலந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தேன். இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழையபடி ஆனது. டவுனில் மருந்துப் பொடி வாங்கிவந்து இறகுக்குள் தூவினேன். அதற்கும் அப்படியே. கடைசியாக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கோழிகள் என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தன. சாமியிடம் போய், என்ன செய்தாலும் போகமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டேன்.

நடுமத்தியானம். சாமி ஒரு கோழியைப் பிடித்து மடியில் வைத்து இறகை விலக்கிக் காட்டினார்.

"பாருங்க. ஏதாச்சும் இருக்கா?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை.

"மூணு வாட்டி யாரைக் குளிப்பாட்டினீங்க?"

"கோழியைத்தான் சாமி."

"கடிபட்டதைப் போட்டு ஏன் தேய்க்கிறீங்க?"

கோழியை இறக்கிவிட்டார். மடத்தில் சேர்ந்த அன்று அவர் எனக்குக் கொடுத்த வெள்ளை வேட்டி பெட்டியில் இருந்தது, விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவரச் சொன்னார். நாலாக மடித்து, மறுநாள் விடியுமுன் கோழிகள் இறங்குவதற்குள், கம்புகளின் அடிப்பக்கத்தை அதால் துடைக்க வேண்டும். ஒரு கம்புக்கு ஒரு மடிப்பு. வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக.

துடைத்தேன். வெளிச்சம் வந்ததும் வேட்டியை விரித்தேன். நாலு சிவப்புக் கோடுகள். மூன்று கோடுகள் மெலிசாக, விட்டுவிட்டு. முதல் கோடு மட்டும் விரல் தண்டி, ஒரே ரத்தம். முதல் கம்பு தேக்குக் கட்டை.

சாமி கூட்டுக்கு வெளியே நின்றார். "எந்தக் கம்புல அதிகம் அண்ணாச்சி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நாலும் ஒண்ணுபோலத்தான் சாமி," என்றேன். அது உண்மையின் துண்டு இல்லை, பச்சைப் பொய். வேட்டி என் கையிலேயே விரிந்து கிடந்தது.

சாமி வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சரி. துவைக்க வேண்டாம். முற்றத்துக் கொடியில போடுங்க."

மூன்று நாள் அது கொடியில் கிடந்தது. மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இது என்ன வேண்டுதல் என்று ஒருவர் கேட்டார். முட்டை வாங்க வந்த பால்வாடி டீச்சர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒரு கோடு மட்டும் ஏன் இப்படி அப்பியிருக்கிறது என்றாள். நான் உள்ளே வேலை இருப்பது போலப் போய்விட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் கொடி தெரியும் இடத்தில் உட்கார முடியவில்லை. சாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் காலையில் கூப்பிட்டார். இன்னொரு வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு மாடத்தி வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் வீட்டுக் கூட்டின் கம்பையும் அதே மாதிரி துடைத்துக்கொண்டு வர வேண்டும். அவளிடமிருந்து வந்தது என்றால் அங்கேயும் இருக்குமே என்றார். நான் கிளம்பினேன்.

"நில்லுங்க," என்றார். "குளிச்சுட்டு, வேற துணி மாத்திக்கிட்டுப் போங்க. இங்கிருந்து நீங்க கொண்டுபோயிரக் கூடாது."

குளிக்கும்போது அந்த வார்த்தை என் மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது.

மாடத்தி வீடு ஊர்க் கடைசித் தெருவில். நான் போனபோது அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள், உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். கையில் தடிப்பு ஆறியிருந்தது. மடத்துக் கோழிகளுக்கு இப்போது சுகமா என்றுதான் முதலில் கேட்டாள். பரவாயில்லை என்றேன். சாமி உன் வீட்டுக் கூட்டைப் பார்த்துவரச் சொன்னார் என்றேன்.

அவள் வீட்டுக்குப் பக்கவாட்டில் கையைக் காட்டினாள். அங்கே தரையில் வட்டமாகக் கறுப்பு. கரி, இரண்டு மூன்று ஆணி, வேறொன்றும் இல்லை.

"கொளுத்திட்டேன் கிளார்க்கையா. கோழிகளையும் வியாழக்கிழமைச் சந்தையில கொடுத்துட்டேன். ஒண்ணை மட்டும் எங்க அக்காவுக்குக் கொடுக்கலாம்னு கொண்டுபோனேன், செள்ளு புடிச்ச வீட்டுக் கோழி வேண்டாம்னுட்டா."

இதைக் குறை சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். தெருவில் யாரும் அவளைக் களைபறிக்கக் கூப்பிடுவதில்லையாம், அவர்கள் வீட்டுக் கோழிக்கும் தொற்றிவிடும் என்று. கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்றாள்.

நான் கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன். "உன் கூட்டுல செள்ளைப் பார்த்தியா?"

"இல்லையே, தேடினேன், ஒண்ணும் அம்புடலை. ஆனா சம்பந்தி வீட்டுச் சேவலுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்கல்லா. அப்போ எங்க வீட்டுலருந்துதானே வந்திருக்கணும். முருகன் கோழிக்கு என்னால வந்துச்சேன்னு ரெண்டு நாள் சோறு இறங்கலை."

நான் சொன்ன இரண்டு சொல்லையும் அவள் நம்பியிருந்தாள். அந்தச் சேவல் நேராகக் கூட்டுக்குள் போனதை அவள் கண்ணால் பார்த்தவள். அவள் நினைத்திருந்தால் அன்றைக்கே சாமியிடம் ஒரே வார்த்தையில் என்னை முடித்திருக்கலாம். தன் கண்ணை விட என் வாயை நம்பி, ஐந்து கோழியை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து நடந்தேன். மோர் குடித்துவிட்டுப் போகலாமே என்று பின்னால் அவள் கூப்பிட்டது கேட்டது.

மடத்துக்கு வந்ததும் சாமி கையை நீட்டினார். மடிப்புக் கலையாத வேட்டியைக் கொடுத்தேன்.

"வெள்ளையா இருக்கே."

"விரிக்கலை சாமி. விரிக்க அங்கே கூடு இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி, சேவல், கட்டை, மாட்டு டாக்டர், வெயிலில் போட்டதாகச் சொன்ன பொய், நாலும் ஒன்றுபோல் என்ற பொய். ஐம்பத்தொன்பது வயசில் ஒரு மனுஷன் தேம்பி அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நான் அழுதேன். மன்னிக்க வேண்டும் என்று காலில் விழப் போனேன். சாமி நகர்ந்துகொண்டார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உங்ககிட்டதானே சாமி மறைச்சேன்."

"நான் என் கோழியை விக்கலையே அண்ணாச்சி."

சாமி கோடரியைக் கொண்டுவந்து வைத்தார். தேக்குக் கட்டையை இறக்கி முற்றத்துக் கல்லில் போட்டு, நான்தான் பிளக்க வேண்டும் என்றார். வெளியே எண்ணெய் தேய்த்தது போல மினுமினுவென்று இருந்த கட்டை. மூன்றாவது வெட்டில் நீளவாக்கில் பிளந்தது. உள்வெடிப்பு முழுக்கச் செள்ளு, அடுக்கடுக்காக, பழைய தோலும் முட்டையும் புதுசுமாக. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஓட இடம் தேடின. அங்கேயே ஓலையைப் போட்டு எரித்தோம். சம்பந்தி அடுத்த கிருத்திகைக்கு வந்து கேட்பார் என்று அப்போதும் ஒரு நினைப்பு வந்தது. அந்த மனசை என்னவென்று சொல்ல.

மறுநாள் கூடு. சாமி கொத்தனார் அல்லவா, விரல் நுழையும் ஒரு பொந்தைக்கூட விடவில்லை. எல்லாக் கம்புகளையும் கழற்றினோம். பழைய வைக்கோலையும் எச்சத்தையும் வெளியே கொண்டுபோய் எரித்தோம். சுவர் வெடிப்புகளைக் கம்பியால் சுரண்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம். ஓலையைக் கட்டிக் கொளுத்தி விரிசல் விரிசலாகக் காட்டினோம். பிறகு பொந்தை எல்லாம் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். புதுக் கம்புகளைச் சுவரில் செருகாமல் கயிற்றில் தொங்கவிட்டார், நுனிகளில் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றினார். சேவலைப் பஞ்சாரத்தில் போட்டார். அது மட்டும் என்ன பாவம் செய்தது, மூன்று வாரம் முடிந்து கூட்டுக்கு வரட்டும் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாடத்தி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். தனியாக, இருட்டின பிறகு, யாரும் பார்க்காமல் போய்விட்டு வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாமிக்கு அது தெரிந்துவிட்டது.

"அந்தத் தெருவுல எத்தனை பேர் காதுல விழுந்திருக்கும்?"

"எல்லார் காதுலயும்தான் சாமி."

"அப்போ எல்லாரும் இருக்கும்போது போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் போனேன். இருபது குடம் வரிசையில் இருந்தது. மாடத்தியும் நின்றாள். ஆபீஸ் தமிழ் எல்லாம் என்னைக் கைவிட்டது. மடத்துக்குச் செள்ளு கொண்டுவந்தவன் நான், மாடத்தி இல்லை, தெரிந்துகொண்டே அவள் மேல் போட்டேன், அவள் கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு பெண், நல்லா இருக்குய்யா உங்க பக்தி என்றாள்.

மாடத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்போ எங்க கோழிகிட்ட ஒண்ணும் இல்லையா?"

"இல்லை."

அவள் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திட்டவில்லை. அன்றைக்குப் பலகை போடவும் இல்லை.

எட்டாம் நாள் சாமி மறுபடி வெந்நீர் போடச் சொன்னார். கூடுதான் சுத்தமாகிவிட்டதே என்றேன். செத்தது பூச்சி, ஆழத்தில் இருந்த முட்டை இப்போது பொரித்திருக்கும் என்றார். அடுத்த எட்டாம் நாளும் ஊற்றினோம். அந்த மாசக் கிருத்திகைக்குச் சம்பந்தி வந்தார். கட்டையை நான் எரித்ததைச் சொன்னேன், வீட்டுக்குப் போய் உங்கள் கோழிக்கூட்டையும் பாருங்கள் என்றேன். அவர் மடத்துச் சாப்பாட்டைத் தொடாமல் காரில் ஏறினார். சாயங்காலம் மகள் போனில் வந்து, ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டாள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கோழிகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குத் திரும்பின. கொண்டை சிவந்தது. கம்புகளை வேட்டியால் துடைத்துப் பார்த்தேன், துடைத்த வேட்டி வெள்ளையாகவே வந்தது. கருப்பி மட்டும் பொழுது சாய்ந்தால் வேப்பமரத்துக் கிளையில் போய் உட்காரும். பிடித்து உள்ளே விட்டாலும் கதவு திறந்ததும் முதலில் வெளியே ஓடுவது அதுதான்.

மாடத்தி அதன் பிறகு மடத்து வேலைக்கு வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிருத்திகைக்கு வருவாள், கும்பிடுவாள், எதிரே பட்டால் தலையசைப்பாள். இப்போது ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை. வீட்டில் மறுபடி கோழி வளர்க்கிறாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை. ஆனால் நான் இனிச் சொல்லப்போகும் சாயங்காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் வந்துவிடுவாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமி கூட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சாமி, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். கூடும் சுத்தமாயிட்டு. மாடத்தி வருவாளா?"

அவர் நிமிர்ந்து வேப்பமரத்தைப் பார்த்தார்.

"கருப்பி ஏன் இறங்கலை?"

"அதான் தெரியலை. உள்ளே இப்போ ஒரு பூச்சி கிடையாது."

"அது உங்களுக்குத் தெரியும்."

மரத்தில் கருப்பி இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தது. எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாளானாலும் இறங்காமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"அவ வர்ற வரைக்கும் நான் என்ன செய்ய சாமி?"

சாமி கையில் இருந்த வாரியலைப் பார்த்தேன். மாடத்தியின் வாரியல். வெந்நீரில் முக்கிக் காயவைத்தது. அவள் போனதிலிருந்து தினமும் இந்தக் கூட்டைப் பெருக்கியது சாமிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெந்நீர் ஊற்றினேன், கோடரி பிடித்தேன், சுண்ணாம்பு அடித்தேன். எச்சம் வாருகிற வேலையை ஒருநாளும் தொடவில்லை. அது மாடத்தி மாதிரி ஆட்கள் செய்கிற வேலை என்று எனக்குள் எங்கேயோ எழுதி வைத்திருந்தேன், அவள் பெயரை அன்றைக்கு அத்தனை சுலபமாக என் வாய் சொன்னதும் அதனால்தான்.

சாமி வாரியலை அவள் வைத்துவிட்டுப் போன அதே இடத்தில், சுவரில் சாய்த்து வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அங்கதான் இருக்கு அண்ணாச்சி."